ஓசை பிறக்கும் இடம்

தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் பல்லாண்டுகள் மாணவர்க்குப் பயிற்றியவன் நான். உந்தியில் எழும் காற்று, நாவும் பல்லும் இதழும் அண்ணமும் கூடும் வகைக்கேற்ப வெவ்வேறு எழுத்தாகப் பிறப்பதை வகுப்பறையில் விரித்துரைத்திருக்கிறேன். ஆயினும், ஓர் ஓசை எங்கே பிறக்கிறது என்று ஆராயாமல் ஒருவர்மீது பழி சுமத்திய குற்றமும் என்னிடம் உண்டு.

என் தந்தையார் 1987-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வண்டி, அவர் மறைவுக்குப் பின் தாழ்வாரத்தில் துருவேறி நின்றது. 1985-இல் அறிமுகமான 97.2 சி.சி. நான்கு வீச்சு எஞ்சின் அது. பாளையங்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் சிலிண்டரைக் கொடுத்து, போர் செய்து வாங்கினேன். புதிய பிஸ்டன் இட்டு, எஞ்சினை என் கையாலேயே பூட்டினேன்.

வண்டி உயிர்பெற்றது, உடன் ஒரு கடகடப்பும் பிறந்தது. உள்ளிருந்து வந்த அம்மா, "இது உங்க அப்பா வண்டிச் சத்தம் இல்லையேப்பா" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது. போர் தளர்ந்து பிஸ்டன் அடிக்கிறது என்று முடிவு கட்டி, பட்டறைக்குச் சென்று, பலர் முன்னிலையில் அண்ணாச்சியைக் கடிந்துகொண்டேன்.

அவர் சினக்கவில்லை. "சார், சத்தம் எங்க இருக்குன்னு பாக்காம எஞ்சினைத் திரும்பப் பிரிக்காதீங்க" என்று சொல்லி, நீண்ட திருப்புளி ஒன்றை என்னிடம் நீட்டினார். அதன் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார்.

போர் தளர்ந்த எஞ்சினில் பிஸ்டனின் ஓசை குளிர்ந்த நிலையில் மிகுந்து, சூடேறியபின் குறையும். என் வண்டியிலோ சூடேறியும் குறையவில்லை. கிளட்சை அழுத்திப் பார்த்தோம்; மாற்றமில்லை. டேப்பெட் மூடியருகே மெல்லிய, சீரான தட்டொலி மட்டுமே கேட்டது. முறுக்கிய ஆக்ஸிலேட்டரைச் சட்டென விட்டபோது, எஞ்சினின் இடப்பக்கத்தில் சங்கிலி உரசும் அரவம் தெளிவாக எழுந்தது. ஓசை பிறக்கும் இடம் கிடைத்துவிட்டது: டைமிங் செயின்!

அந்நாளைய எஸ்டி, ராஜ்தூத் முதலிய இருவீச்சு வண்டிகளுக்கு இச்சங்கிலி இல்லை. அந்நாளைய புல்லட்டில் வால்வை இயக்கத் தள்ளுகோல்கள் இருந்தன. சி.டி. 100-இலோ வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் மேலே ஹெட்டில் இருக்கிறது. கிராங்க் இருமுறை சுழலும்போது அது ஒருமுறை சுழல வேண்டும். இரண்டையும் இணைப்பது அச்சங்கிலி. அது தொய்யாமல் காப்பது டென்ஷனர்.

எஞ்சினின் அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றி, டென்ஷனரின் ஸ்பிரிங்கையும் தள்ளுகோலையும் வெளியே எடுத்தோம். புதிய ஸ்பிரிங்கோடு வைத்துப் பார்க்க, பழையது குட்டையாக இருந்தது. கோலின் தலையிலிருந்த ரப்பர் கல்லாய் இறுகித் தேய்ந்திருந்தது. சிறு பொருள்தானே என்று சிக்கனம் கருதி, அவ்விரண்டையும் மீண்டும் பூட்டியவன் நானே! அண்ணாச்சியின் போரில் ஒரு குறையும் இல்லை.

இரண்டையும் மாற்றி, எண்ணெய் ஊற்றி, போல்ட்டை இறுக்கினோம். கடகடப்பு அடங்கியது. அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குத் திரும்பினார். யார் முன்னிலையில் கடிந்தேனோ, அவர்களில் பலர் அங்கேயே இருந்தனர். அவர்கள் கேட்கவே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், சத்தம் நின்னுட்டுல்லா" என்றார்.

அன்று மாலை தெருமுனையில் வண்டியைத் திருப்பினேன். வீட்டை அடையுமுன்பே அம்மா வாசலுக்கு வந்து நின்றிருந்தார்.