பிஸ்கட் டப்பாவில் கடல்

ஓசூரில் எல்லாம் உண்டு. மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள், ரோஜாப்பூவைப் ப்ளேனில் ஏற்றி அனுப்புகிறார்கள். கடல்தான் கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் மூவாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. அலை பார்க்க ஆசைப்பட்டால் சென்னைக்கு முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டும். அவசரத்துக்குக் கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. அங்கே அலை வராது. பெங்களூருக் கழிவின் உபயத்தில் நுரை மட்டும் வண்டி வண்டியாக வரும்.

இப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு எனக்கு 'சர்ஃப் கிடார்' பைத்தியம் பிடித்தது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1960-களின் ஆரம்பத்தில் கலிஃபோர்னியாவில் பலகை மேல் நின்று அலையில் சறுக்கிய பையன்கள், கரைக்கு வந்ததும் ஆட ஒரு சங்கீதம் கேட்டார்கள். பெரும்பாலும் பாட்டுக் கிடையாது, எலெக்ட்ரிக் கிடார்தான் பேசும். ஒவ்வொரு நோட்டும் கிணற்றில் கூழாங்கல் போட்ட மாதிரி 'ட்ளக்' என்று சொட்டி, அப்புறம் விரிந்து பரவும். 'பல்ப் ஃபிக்‌ஷன்' (1994) படத்தின் டைட்டிலில் தடதடவென்று ஒரு கிடார் ஓடுமே, டிக் டேல் 1962-ல் வாசித்த 'மிசர்லூ', அதுதான். சரக்கு அமெரிக்காவுடையதுகூட இல்லை. 1920-களிலேயே கிரேக்க மொழியில் ரிக்கார்டான பாட்டு.

இதை நான் தப்பும் தவறுமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, மாடி வீட்டுப் பாட்டு டீச்சர் மாமி எட்டிப் பார்த்தார்.

"மாயாமாளவகௌளைதானேப்பா? என்கிட்ட சரளி வரிசை கத்துக்கற வாண்டு எல்லாம் இதைத்தான் பாடறது. நீ ஏன் இப்படி அடிச்சுண்டு அழற?"

மாமி சொன்னது நிஜம். அதே ஸ்வரங்கள்தான். கலிஃபோர்னியாவையே அரை நிமிஷத்தில் ஆரம்பப் பாடமாக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் அந்தச் சொட்டுச் சத்தம்? அது ராகத்தில் இல்லை சார், ஸ்பிரிங்கில் இருக்கிறது!

டெலிபோனில் தூரத்துக் குரல் தாமதமாக வருவதைச் சோதிக்க அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்பிரிங் வைத்து ஒரு கருவி செய்தார்கள். ஆர்கன் கம்பெனி நடத்திய லாரன்ஸ் ஹாமண்ட் அதை வாங்கிக்கொண்டார். சர்ச்சில் முழங்குகிற ஆர்கன், வீட்டு ஹாலில் வறட்டுச் சத்தம் போடுகிறதே என்று அவருக்குக் கவலை. ஸ்பிரிங்கின் ஒரு முனையில் சத்தத்தை அதிர்வாகக் கொடுப்பது. அது சுருள் சுருளாக ஓடி, முட்டி, திரும்பி, மறுபடி ஓடும். மறுமுனையில் அதைப் பிடித்து மறுபடி சத்தமாக்குவது. சின்ன வீட்டுக்குள் பெரிய மண்டபம் ரெடி. 1961-ல் ஃபெண்டர் கம்பெனி இதைத் தனிப் பெட்டியாக கிடார்காரர்களுக்கு விற்றது. மூன்றே திருகு: ட்வெல், மிக்ஸர், டோன். ஸ்பிரிங்குக்குள் எவ்வளவு சத்தத்தைத் தள்ளுவது என்பது ட்வெல். ஸ்பிரிங்கில் எல்லாச் சத்தமும் ஒரே வேகத்தில் ஓடாது. அதனால்தான் ஒரு நோட்டு சிதறி, அந்தச் சொட்டு.

அந்தப் பழைய பெட்டியின் விலையைக் கேட்டால் நமக்கு வேறு மாதிரி எக்கோ கேட்கும். எனவே பெடல். காலால் மிதிக்கிற சோப்பு டப்பா சைஸ் சமாசாரம்.

நான் பி.காம். முன்பு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினேன். இப்போது ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். அதாவது, சம்பளம் தவிர மற்ற எல்லாக் கவலையும் உள்ள உத்தியோகம். இரண்டு வருஷமாகக் கட்டுரைப் பணத்தில் கிள்ளிக் கிள்ளி அலமாரியில் ஒரு கவரில் சேர்த்து வைத்திருந்தேன். கவரின் மேல் 'இதர செலவுகள்' என்று எழுதியிருந்தது. வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதரம்னா என்னங்க?" என்றாள்.

"கேப்பிட்டல் எக்ஸ்பெண்டிச்சர்."

"தமிழ்ல சொல்லுங்க."

"...கிடாருக்கு."

"இன்னொரு கிடாரா?"

"இல்ல, கிடார் சத்தத்துக்கு."

"இருக்கிற சத்தம் போதாதா?"

இதற்கு பி.காம். பாடத்திட்டத்தில் பதில் கிடையாது.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு டிராஃபிக்கில் ஒரு குட்டித் தூக்கம், பெங்களூர். இசைக்கருவிக் கடையில் ஒரு இளைஞர், "ஏனு பேக்கு சார்?" என்று ஆரம்பித்து, என் கன்னடத்தைக் கேட்டதும் கருணையோடு தமிழுக்கு மாறினார். ஒவ்வொன்றாக மாட்டி வாசிக்கவிட்டார். அன்றைக்குப் படித்த பாடத்தை உங்களுக்கும் தருகிறேன். நூற்றில் ஒருவருக்காவது உதவும்.

நிஜ ஸ்பிரிங் உள்ள பெடல் அபூர்வம். டேன் எலெக்ட்ரோ கம்பெனியின் 'ஸ்பிரிங் கிங்' அந்த வகை. உதைப்பதற்கென்றே ஒரு மெத்தை வைத்திருந்தார்கள், உதைத்தால் இடி இடிக்கும். மற்றவை அநேகமாக எல்லாமே டிஜிட்டல், ஸ்பிரிங் மாதிரி மிமிக்ரி செய்பவை. சிலவற்றுக்குள் 'பெல்டன் பிரிக்' என்று ஒரு கறுப்புக் கட்டி இருக்கும். அதற்குள்ளே கரோக்கே மெஷினில் போடுகிற எக்கோ சிப் மூன்று, அவ்வளவுதான். ஆனால் கேட்க மோசமில்லை. பாஸ் கம்பெனி 1963-ம் வருட ஃபெண்டர் பெட்டியை அப்படியே காப்பியடித்து 'எஃப்.ஆர்.வி. 1' என்று ஒன்று போட்டது. இப்போது தயாரிப்பில் இல்லை, செகண்ட் ஹேண்டில் தேட வேண்டும். பெஹ்ரிங்கரின் 'டி.ஆர். 600'-ல் ஆறு வகை ரிவெர்ப், அதில் ஸ்பிரிங் ஒன்று. பிளாஸ்டிக் உடம்பு, ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. டி.சி. எலெக்ட்ரானிக்கின் 'டிரிப்' ஸ்பிரிங் மட்டும்தான் செய்யும். அதன் பெயரே 'சொட்டு'!

சோதிக்கும் முறை சுலபம். உள்ளங்கையைத் தந்திகள் மேல் லேசாக அழுத்தி, தடிமனான தந்தியை நறுக்கென்று ஒரு தட்டு. 'ட்ளக்' என்று சொட்டினால் சர்ஃப். 'ஸ்ஸ்ஸ்' என்று புகை மாதிரிப் பரவினால் அது கோயில் மண்டபம். பக்திப் பாட்டுக்கு வாங்கிக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த பெடலின் விலை, கவரில் இருந்த பணத்தைவிட மூவாயிரம் அதிகம். யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். கடைக்காரருக்கு அந்த வாக்கியம் பழக்கம்தான் போலிருக்கிறது, சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த விபரீத யோசனை உதித்தது. நிஜ ஸ்பிரிங்கை வைத்து நாமே செய்தால் என்ன? ஸ்பிரிங்குக்கு ஓசூரில் பஞ்சமா? என் அப்பா இருபத்தெட்டு வருஷம் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் காயிலிங் மெஷின் ஓட்டியவர். பக்கத்து ஷெட்டில் பிரஸ். மூன்று ஷிஃப்டும் டமால் டமால்.

அப்பாவிடம் போனேன். டி.வி. தெருவுக்கே கேட்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, எனக்கு ரெண்டு ஸ்பிரிங் வேணும்."

"பிரிஞ்சியா? ராத்திரி நேரத்துல எதுக்குடா பிரிஞ்சி? வயித்துக்கு ஆகாது."

கத்திச் சொன்னேன். சமாசாரம் புரிந்ததும் மனுஷருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. ரிடையரான இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் ஸ்பிரிங் பற்றிக் கேட்டதில்லை. நான் உட்பட. சிட்கோவில் இருக்கும் பழைய சிநேகிதர் பட்டறைக்கு மறுநாளே போய், மெல்லிய கம்பியில் சுற்றிய இரண்டு டென்ஷன் ஸ்பிரிங்கோடு வந்தார்.

"அமுக்குற ஸ்பிரிங் இதுக்கு உதவாது, இழுக்குற ஸ்பிரிங்தான் வேணும். ரெண்டும் ஒரே அளவுல போடாத. போட்டா ரெண்டும் ஒரே ஆட்டம்தான் ஆடும். ஒண்ணு கொஞ்சம் நீளம், ஒண்ணு கொஞ்சம் குட்டை."

பிற்பாடு படித்துப் பார்த்தேன். பெரிய கம்பெனிகளும் அதைத்தான் செய்கின்றன, எதிரொலிகள் ஒன்றன் மேல் ஒன்று விழாமலிருக்க! கிடாரையே தொட்டுப் பார்க்காத மனிதர் சொல்கிறார்.

தீபாவளிக்கு வந்த பிஸ்கட் டப்பா ஒன்று. ஒரு முனையில் பழைய ரேடியோவின் மூன்று அங்குல ஸ்பீக்கர். அதன் நடுவில் இரண்டு ஸ்பிரிங்குகளை ஒட்டினோம். மறுமுனையில், பஸ்ஸரிலிருந்து கழற்றிய பித்தளைத் தட்டு. அதிர்வை மின்சாரமாக மாற்றுவது அதன் வேலை. ஸ்பீக்கரை ஓட்ட சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டு ஒன்று. தட்டிலிருந்து வருவதைக் கேட்கப் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர். மூன்று சாயங்காலம் ஆயிற்று. அப்பாவும் நானும் அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம் இருக்கும்! நான் வேலையை விட்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சு, 'சாப்டியா', 'கரெண்ட் பில் கட்டியாச்சா' என்ற அளவில்தான் இருந்தது.

கிடாரை மாட்டினேன். உள்ளங்கையை வைத்து ஒரு தட்டு.

ட்ளக்!

சத்தியமாகச் சொல்கிறேன், சொட்டியது. கூடவே நெடுஞ்சாலையில் போன லாரியும் கேட்டது, சமையலறைக் குக்கர் வைத்த அதிர்ச்சியும் கேட்டது. கதவை யாரோ சாத்தினார்கள், டப்பாவுக்குள் இடி இடித்தது. மாடியில் மாமி அவசரமாகக் கொடித் துணியை எடுக்க ஆரம்பித்தார்.

"எப்படிப்பா இருக்கு?" என்றேன் பெருமையாக.

அப்பா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாசி" என்றார்.

"வாசிச்சேனேப்பா."

மறுபடி தட்டினேன். காதைக் கிட்டே கொண்டுவந்தார். அப்புறம் ஆள்காட்டி விரலை ஸ்பிரிங் மேல், குழந்தை கன்னத்தைத் தொடுகிற மாதிரி வைத்தார். "ஆடுது" என்றார். "நல்லா ஆடுது. ஆனா... சத்தம் வருதாடா?"

"வருதுப்பா."

"நிஜமா?"

சம்சாரம் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். 'காது டெஸ்ட் எடுக்கலாம் மாமா' என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். 'எனக்கென்ன, இப்போ நடிக்கிறவங்கதான் வாய்க்குள்ள பேசறாங்க' என்பது அப்பாவின் நிரந்தர பதில். அன்றைக்கு அந்த பதில் வரவில்லை. தன் ஸ்பிரிங் ஆடுவது விரலுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. ஸ்பிரிங் பொய் சொல்லாது என்று அவருக்குத் தெரியும்.

"திங்கக்கிழமை போலாமா?" என்று அவராகவே கேட்டார்.

ஆடியாலஜிஸ்ட் ஒரு வரைபடம் கொடுத்தார். கோடு நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்தது. வருஷக்கணக்கில் இரைச்சலில் நின்றவர்களுக்கு முதலில் போவது அந்த இடம்தானாம். 'ஸ' மாதிரி மெல்லிய சத்தங்கள் எல்லாம் உச்சத்தில் இருப்பவை. ஸ்பிரிங் ஏன் பிரிஞ்சி ஆயிற்று என்று அப்போதுதான் விளங்கியது. அப்பா வேலை பார்த்த காலத்து விதிப்படி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் எல்லை. எல்லை இருந்தது சார். அவர் காதில் அடைத்துக்கொண்டது, வேஷ்டித் துணியில் கிழித்த பஞ்சு உருண்டை. நானும் பக்கத்து வீதிக் கம்பெனி ஆபீசில், கதவைச் சாத்திக்கொண்டு, இப்படிப்பட்ட மனிதர்களின் ஓவர்டைமைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவன்தான்.

'இதர செலவுகள்' கவர் அன்றைக்கே திறந்தது. காது மெஷினுக்கு முன்பணம், மீதி மாதத் தவணை. கவரின் அடியில் மூவாயிரம் சொச்சம் நின்றது.

அதற்கும் ஒரு வழி கிடைத்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் பையன், கல்யாணம் நிச்சயமானதால் கிடார் சாமான்களை எல்லாம் விற்றுக்கொண்டிருந்தான். (காரணம் கேட்கவில்லை, புரிந்துகொண்டேன்.) பிளாஸ்டிக் உடம்பு டிஜிட்டல் பெடல், ரூ. 2,800. சில்லறை புத்திமதிகள்: அடாப்டர் ஒன்பது வோல்ட்தானா, நடு முனை நெகட்டிவ்தானா என்று பார்த்து மாட்டுங்கள், மாற்றிப் போட்டால் பெடலுக்குப் பாலூற்றிவிடலாம். டிஜிட்டல் பெடல் பேட்டரியைப் பசித்த எருமை மாதிரித் தின்னும், அடாப்டரே மேல். மற்ற பெடல்கள் இருந்தால் ரிவெர்ப்பைக் கடைசியில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் ஆம்ப்ளிஃபையரிலேயே ரிவெர்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காசு மிச்சம்.

பிஸ்கட் டப்பாவை விடப் பெடல் ஒழுக்கமானது. லாரி கேட்காது, குக்கர் கேட்காது. ஆனால் சொட்டு டப்பாவில்தான் கொஞ்சம் அழகு. இரண்டையும் வைத்திருக்கிறேன்.

காது மெஷின் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் நாள் அப்பா ஃபேன் சத்தத்தைக் கேட்டு, "இது எப்பலேர்ந்து இப்படிக் கத்துது?" என்றார். குருவி கத்தியதற்கு வாசலுக்கே போய் நின்றார். நேற்று சாயங்காலம் நான் 'மிசர்லூ'வை எடுத்தேன். உள்ளங்கையை வைத்து, ட்ளக், ட்ளக். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். எனக்கு நெஞ்சு படபடத்தது.

"டேய்" என்றார். "ஸ்பிரிங் சத்தம் ரொம்ப ஜாஸ்தி. கொஞ்சம் குறை."

குறைத்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் திருகையும் குறைத்ததில்லை.