கீழ இருக்கிற கட்டை

எங்கட போர்டிங் ரூமில நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரேயொரு கேம் மெஷின், ஒரு பழைய நின்டெண்டோ 3டிஎஸ். எங்களில ஒருத்தியின்ர மச்சான் கனடாவில இருந்து வந்து நின்றபோது, "நான் இப்ப உதைத் தொடுறதே இல்லை, நீங்கள் வைச்சு விளையாடுங்கோ" எண்டு குடுத்துட்டுப் போனது. மேல் ஸ்கிரீனில ஒரு நீளக் கீறல். உள்ளுக்குள்ள இரண்டே இரண்டு கேம்: புஷ்மோ, கிராஷ்மோ.

இரண்டையும் செய்தது ஜப்பானின் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ். ஃபயர் எம்பிளெம் செய்த அதே ஆக்கள். புஷ்மோ 2011இல் வந்தது, அதன் அடுத்த பாகமான கிராஷ்மோ 2012இல். ஐரோப்பாவில் இவற்றுக்குப் பெயர் புல்பிளாக்ஸ், ஃபால்பிளாக்ஸ். ஜப்பானியப் பெயர்களைத் தமிழில் சொல்லப்போனால் முதலாவது 'இழு, தள்ளு'. இரண்டாவது 'இழு, விழு'. முழு வித்தியாசமும் அந்தப் பெயரிலேயே இருக்கு.

கட்டை தள்ளுற கேம் புதுசில்லை. 1982இல் ஜப்பானில் வெளிவந்த சோகோபான்தான் இந்த வகைக்கே முன்னோடி. களஞ்சியக் காவலாளி ஒருவன் பெட்டிகளை உரிய இடத்துக்குத் தள்ளவேண்டும். தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. பெட்டி மூலையில் போய் ஒட்டினால் கதை முடிஞ்சுது. புஷ்மோவில் இழுக்கவும் முடியும். சுவர் மாதிரி அடுக்கிய கட்டைகளை மூன்று படி வரைக்கும் வெளியே இழுத்து, அவற்றையே படிக்கட்டாக்கி ஏறி, மேலே மாட்டிக்கொண்ட பிள்ளையை மீட்கவேண்டும். அதில் எந்தக் கட்டையும் விழாது. கீழ ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்தரத்தில் அப்படியே நிற்கும். முதல் வருச லீவில நாங்கள் அதில நல்லாக் கைதேர்ந்திட்டம்.

அந்தத் திமிரோடதான் கிராஷ்மோவைத் தொடங்கினோம். அதே குண்டு மல்லோதான் இதிலும் நாயகன். பாப்பா பிளாக்ஸின் மருமகள் பாப்பியின் பறவைகள் சிதறிப் போயிருக்கும்; ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கவேண்டும். பறவை உச்சியில் நிற்கும். நாங்கள் பழக்கதோசத்தில் கைக்கு எட்டின கட்டையை இழுத்தோம். மேல இருந்ததெல்லாம் தொப்பெண்டு விழுந்தது. பறவைக்குப் போற வழி அடைபட்டுப் போச்சு. கிராஷ்மோவில் புவியீர்ப்பு இருக்கு. ஒரே நிறத்தில் ஒட்டியிருக்கிறது ஒரு கட்டை. அதன் ஒரு மூலையாவது எதிலாவது தாங்கினால் நிற்கும். தாங்குறது போனால் விழும். இந்த ஒரு விதி, முதல் பாகத்தில் படிச்ச பாதியை மறக்கச் சொல்லுது.

எங்களில ஒருத்தி மட்டும் அவசரப்படமாட்டாள். "பொறுங்கோடி, எது எதுக்கு மேல நிக்குதெண்டு முதல் பாப்பம்" எண்டு சொல்லி, கட்டைக் குவியலைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். பிறகு ஆகக் குறைஞ்சது எதை அசைச்சால் போதுமோ அதை மட்டும் அசைப்பாள். அவளிட்ட மெஷினைக் குடுத்துட்டு நாங்கள் மூன்று பேரும் பிளேன்ரீயோட இருந்து பார்ப்பம்.

மற்ற விசயங்களிலயும் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். வரலாறு, புவியியல், அரசறிவியல் மூன்றுக்கும் ரூமில ஓடினது அவளின்ர நோட்ஸ். காலமை எங்களை எழுப்புறதும் அவள். தண்ணி வராத நாளில வாளி நிரப்பி வைக்கிறதும் அவள். அதை உதவி எண்டுகூட நாங்கள் நினைச்சதில்லை. ரூம் எண்டால் அப்படித்தான் இருக்கும் எண்டு நினைச்சிட்டம்.

இரண்டாம் வருச எக்ஸாமுக்கு மூன்று கிழமை இருக்கேக்க அவளுக்கு வீட்டில இருந்து கோல் வந்தது. அம்மாவை ஆஸ்பத்திரியில மறிச்சு வைச்சிருக்கு. அப்பா இல்லை, தம்பி ஓ/எல் எடுக்கிறான். இரவு பஸ்ஸிலயே வெளிக்கிட்டாள். இரண்டு நாளில வாறன் எண்டவள், எக்ஸாம் முடியும் வரைக்கும் வரவில்லை.

இதை எழுதுறதுக்கு வெட்கமா இருக்கு, ஆனால் எழுதத்தான் வேணும். அவள் போய் மூன்றாம் நாள் நாங்கள் அனுப்பின முதல் மெசேஜ், "அம்மாவுக்கு எப்பிடி இருக்கு?" இல்லை. "அரசறிவியல் நோட் எங்கடி வைச்சனி?" எண்டதுதான். அவள் கோபிக்கவில்லை. "கட்டிலுக்குக் கீழ, நீலக் கொப்பி" எண்டு பதில் போட்டாள்.

நீலக் கொப்பியின் முன்பக்கமெல்லாம் அரசறிவியல். கடைசிப் பக்கங்களில் கணக்கு. அம்மாவின்ர மருந்து, தம்பியின்ர கொப்பி, பஸ் காசு, போர்டிங் வாடகை. வரவுப் பக்கத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரியூசன் காசு. அவள் சனிக்கிழமைகளில சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போறது எங்களுக்குத் தெரியும். ஏன் போறாள் எண்டு ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் மூன்று பேரையும் தாங்கினவளை எது தாங்கினது எண்டு நாங்கள் எட்டிப் பார்க்கவேயில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா எழும்பி இருந்து கதைச்சா. அவள்தான் பாதியாய் மெலிஞ்சிருந்தாள். எங்களைக் கண்டதும் முதல் கேட்டது, "தண்ணி வருதோ?" அதுக்கு என்ன சொல்லுறதெண்டு எங்களுக்குத் தெரியவில்லை. கொண்டுபோன மெஷினை அவளின்ர கையில குடுத்துட்டு வந்தோம்.

எக்ஸாம் எங்களுக்கும் நல்லாப் போகவில்லை. ஆனால் அதுக்குப் பிறகு சில விசயங்கள் மாறியிருக்கு. அவள் திரும்பி வரும்வரைக்கும் அவளின்ர சனிக்கிழமை வகுப்பை நாங்கள் முறை வைச்சு எடுத்தோம். வகுப்புக் காசு அப்படியே அவளுக்குப் போனது. இப்ப ஆளுக்கொரு பாடத்துக்கு நாங்களே நோட்ஸ் எழுதுறம். எங்கட எழுத்தை வாசிக்க அவள் படுற பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

வாற மாதம் அவள் ரிப்பீட் எழுதப்போறாள், ஜூனியர் பிள்ளைகளோட. 'ரிப்பீட்' எண்ட சொல்லைக் கம்பஸில எப்படிச் சொல்லுவினம் எண்டு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். கிராஷ்மோவில் ஒரு பட்டனை அழுத்திப் பிடிச்சால் செய்ததெல்லாம் பின்னோக்கிப் போகும், விழுந்த கட்டைகள் திரும்ப ஏறி நிற்கும். முதலில் அதைக் களவு ஆட்டம் எண்டு நினைச்சம். அவள்தான் சொன்னாள், "கட்டைதான் பழைய இடத்துக்குப் போகுது. விழுந்ததைப் பார்த்த எங்களுக்கு இப்ப கூடத் தெரியுமெல்லே" எண்டு. ரிப்பீட்டையும் அவள் அப்படித்தான் எடுத்திருக்கிறாள்.

கேமைப் பற்றி ஒரு வார்த்தை. பிந்தின கட்டங்களில் கதவுகள், மேன்ஹோல்கள், மிதக்கிற கட்டைகள் எல்லாம் வந்து மண்டையைக் காய்ச்சும். நாங்கள் இன்னும் முடிக்கவில்லை. 2023 மார்ச் 27ஓட 3டிஎஸ்ஸின் இ-ஷாப்பில் விற்பனையை மூடிவிட்டார்கள். டவுன்லோட் கேமாகவே வந்த கிராஷ்மோவை இனி அதில் புதுசாய் வாங்க ஏலாது. வெளிநாட்டில இருக்கிற மச்சான், மச்சாள் ஆரிட்டயாவது பழைய 3டிஎஸ் கிடந்தால், உள்ளுக்குள்ள என்ன இருக்கெண்டு ஒருக்காப் பார்க்கச் சொல்லுங்கோ. கிராஷ்மோ இருந்தால் கேட்டு வாங்குங்கோ.

விளையாடேக்க அவள் சொன்னதை மறக்காதேங்கோ. எது எதுக்கு மேல நிக்குதெண்டு முதல் பாருங்கோ. எங்கட ரூமில அதைப் பார்க்க எங்களுக்கு இரண்டு வருசம் எடுத்தது.