நான்கு மில்லிமீட்டர்

கீழ்த்தளத்தில் டோக்கன் கூப்பிட்டு ஓயவில்லை. கண்புரை எடுத்தவர்கள் கட்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டைப் பிரித்தால் பேரப்பிள்ளை முகம் தெரிந்துவிடும். மாடியில் கடைசி அறைக்கு வருகிறவர்களுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுக்க முடியாது.

அந்த அறையில் ஒரு மேசை, மூலையில் சில வெள்ளைக் கோல்கள், சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு பெண். எதிரே பலசரக்குக் கடைக்காரர். ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வந்து நடுப்பார்வையையும் பறித்துவிட்டது கிளாக்கோமா. போனதை எந்த அறுவையும் மீட்காது.

"ரெண்டு நோட்டையும் ஒரு ஓரமாச் சேத்துப் பிடிங்க அண்ணாச்சி. எது நீளம்?"

நூறு, இருநூறு, ஐந்நூறு மூன்றுக்கும் அகலம் 66 மில்லிமீட்டர். நீளம் நூறுக்கு 142, இருநூறுக்கு 146, ஐந்நூறுக்கு 150. நான்கு மில்லிமீட்டரில் கல்லாவின் கணக்கு நிற்கிறது. ஓரத்தில் மேடான கோடுகளும் உண்டு. நூறுக்கு நான்கு, ஐந்நூறுக்கு ஐந்து. கைமாறிக் கைமாறி அவை தேய்ந்துவிடும். கட்டைவிரல் தயங்கித் தயங்கி நகர்கிறது.

"எரநூறா?"

"ஐந்நூறு. அவசரமே இல்ல, இன்னொருக்காப் பாருங்க."

அவசரம் வெளியே இருக்கிறது. பெஞ்சில் ஏழு பேர். கடைசியில் இருக்கும் கல்லூரிப் பையன் கோல் பிடித்து நடக்கக் கற்க வந்தவன். வலது கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடப்பக்கம் தொட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹூவர் வகுத்த முறை அது. இன்றைக்கும் அதைக் கூடவே நடந்துதான் சொல்லிக்கொடுக்க முடியும். பத்துப் பேரை நிறுத்தி வைத்துப் பாடம் எடுக்கிற வேலை இல்லை. கண்புரைக்கு நிமிடக் கணக்கு, இதற்கு வாரக் கணக்கு.

1992இல் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் வந்தது. சொல்லிக்கொடுப்பவர்களின் பயிற்சிக்கு விதி வந்தது, பதிவேடு வந்தது. பார்வைக் குறைபாட்டுக்கான சிறப்புக் கல்வி படித்தவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் வேண்டும்தான். ஐம்பது வயதில் பார்வை போனவருக்கு அடுப்படியும் பேருந்து நிலையமும் யார் சொல்லிக்கொடுப்பது? அறுவைக்கூடத்துக்கு ஆள் எடுக்கிற அக்கறையோடு இந்த அறைக்கும் எடுத்தால் என்ன? பெஞ்சைப் பார்க்கப் பார்க்க மனம் கொதிக்கிறது.

கடைக்காரரின் மனைவி கேட்கிறார்: "எங்க ஊருப் பக்கம் யாராச்சும் சொல்லிக் குடுப்பாங்களா டீச்சர்?"

"பக்கத்துல யாரும் இல்லக்கா. நீங்க கத்துக்கிட்டுப் போங்க, வீட்ல வச்சுப் பழக்குங்க."

அந்த அம்மாவின் கண்ணை ஒரு துணியால் கட்டி, கையில் நோட்டுகளைக் கொடுக்கிறார். நோட்டு, தேநீர் ஊற்றுவது, மருந்துச் சீசா பிரித்தறிவது வரைக்கும் இன்று ஆகும். வீட்டிலிருந்து கடைக்குத் தனியாக நடந்து போவதற்கு அடுத்த மாதம்தான் தேதி கிடைத்திருக்கிறது.