எழும்பாத லெப்டொப்



வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு எங்கள் லெப்டொப் எழும்பவே இல்லை. லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. வீட்டில் ஆசிரியர்கள் இரண்டு பேர், லெப்டொப் ஒன்று. கல்வியியற் கல்லூரி முடித்த வருடம் சீட்டுக் காசில் வாங்கியது; வொரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. உள்ளே தரம் 11 தவணைப் பரீட்சை வினாத்தாள். திங்கட்கிழமை அதிபரிடம் கொடுக்க வேண்டும்.

கொண்டுபோன கடையில் திறந்தும் பார்க்காமல், "மதர்போர்ட் போயிட்டு சேர், 35,000 ஆகும்" என்றார்கள். தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

வினாத்தாளை நினைத்துத்தான் பயம். ஆனால் அது இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். மதர்போர்ட் செத்தாலும் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் எடுத்துவிடலாம். இது விளங்கியதும்தான் ஸ்க்ரூ ட்ரைவரைப் பிடிக்கவே கை வந்தது.

முதலில் திரையில் டோர்ச் அடித்துப் பார்த்தோம். மங்கலாக ஏதும் தெரிந்தால் திரையின் லைட்தான் பழுது. ஒன்றுமில்லை. சார்ஜரையும் பெட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை 30 செக்கன் அமத்திப் பிடித்தோம். அதுவும் சரிவரவில்லை. பிறகு இரண்டு ரெம்மையும் கழற்றி, மகளின் அழிறப்பரால் அதன் பொன்னிறப் பற்களை மெதுவாகத் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டோம். முதலாவதுக்குக் கறுப்பு. இரண்டாவதைப் போட்டதும் திரை வந்தது. அல்ஹம்துலில்லாஹ்! முதல் வேலையாக வினாத்தாளைப் பென் ட்ரைவில் ஏற்றினோம்.

இப்போது பாதி ரெம்மில் முக்கி முனகி ஓடுகிறது. யாரிடமாவது லெப்டொப்புக்குரிய பழைய டிடிஆர்3, 4 ஜிபி ரெம் இருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள்.