நான் எழுதிய திரைக்கதை

நம் கல்லூரியை நீங்கியபின், ஏ-9 பாதை திறந்திருந்த 2003ஆம் ஆண்டில், சென்னைப் படநிலையமொன்றிற் சேரும் ஆசையால் திரைக்கதையொன்று எழுதி அனுப்பினேன். கடற்கரையில் முதியவரொருவர் மௌனமாக நிற்பதே அதன் முடிவு. ‘ஏன் நிற்கிறார்?’ என்று கேட்டுத் திருப்பினர். தோணியை விற்ற துயரை அவர் வாயாலேயே இரண்டு பக்கம் உரைப்பித்து மீண்டும் அனுப்பினேன். ‘இது பாடநூல்’ என்றனர். பின்னர் ஆசிரிய கலாசாலை புகுந்தேன், அவ்வசை வாழ்த்தாயிற்று.

மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தைப் பிற்பாடே கண்டேன். முற்றுப்பெறாத வீட்டின் சுவரை முதியவர் தடவிப் பார்க்கிறார், நெடிய வசனமில்லை. அவ்வீட்டுக்காகக் குடும்பம் பட்ட பாட்டை முன்னரே ஐயமறக் காட்டியமையால் அத்தடவலின் பொருள் சிறுவர்க்கும் விளங்கும். நானோ காட்டவேண்டியதை மறைத்து, மறைக்கவேண்டியதை உரைத்திருந்தேன்.

சென்ற விடுமுறையில், தோணி விலைபோகும் காட்சியை முதற்பக்கத்தில் எழுதிச் சேர்த்தேன். முடிவில் முதியவரை மீண்டும் மௌனமாகவே நிறுத்தினேன்.