ஹட்சன் முதல் செயின்ட் லாரன்ஸ் வரை – 3: படிக்கணக்கில் ஒரு வம்சம்

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றை ஒட்டி வடக்கே செல்லும் வழியில், கிழக்குக் கரையில் ஜெர்மன்டவுன், மேற்குக் கரையில் வெஸ்ட் கேம்ப் என இரண்டு சிற்றூர்கள் உள்ளன. ரைன் ஆற்றுப் பகுதிகளிலிருந்து போராலும் வறுமையாலும் வெளியேறி, 'பாலட்டின்கள்' என்று அழைக்கப்பட்ட ஜெர்மானியர்களைப் பிரிட்டிஷ் அரசு 1710-இல் இங்கே குடியமர்த்தி, கடற்படைக் கப்பல்களுக்கான கீலைப் பைன் மரங்களிலிருந்து எடுக்கப் பணித்தது. அத்திட்டம் இரண்டே ஆண்டுகளில் கைவிடப்பட்டது; ஆயினும் அதற்காக எழுதப்பட்ட படிக்கணக்கு, அதாவது உணவு வழங்கியதற்கான பற்றுப் பதிவு, எஞ்சியிருக்கிறது.

ஆளுநர் ராபர்ட் ஹண்டரின் பெயரால் அறியப்படும் அப்பட்டியலில் குடும்பத் தலைவரின் பெயரும், பத்து வயதுக்கு மேற்பட்டோர், உட்பட்டோர் எண்ணிக்கையும் தனித்தனியே உள்ளன. கணவர் பெயர் இருந்த இடத்தில் பின்னர் மனைவி பெயர் வருமாயின், கணவர் எக்காலத்தில் இறந்திருப்பார் என்பதை ஊகிக்க முடிகிறது. எழுத்தர்கள் ஜெர்மன் பெயர்களைக் காதில் விழுந்தவாறே எழுதியதால், வம்சம் தேடுவோர் எழுத்தை விட்டு ஒலியையே பின்தொடர வேண்டியுள்ளது.

இக்குடும்பங்களில் பல ஸ்கோஹரி, மோஹாக் பள்ளத்தாக்குகளுக்குப் பெயர்ந்தன. அமெரிக்க விடுதலைப் போரில் அவர்களுள் ஒரு சாரார் மன்னர் பக்கம் நின்று, சர் ஜான் ஜான்சனின் படைப்பிரிவில் சேர்ந்தனர். போருக்குப்பின் 1784-இல் கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வடகரையில், மதப்பிரிவு வாரியாகப் பிரிக்கப்பட்ட ஊர்களில் குடியேறினர். ஜெர்மன் லூத்தரன்களுக்கு வில்லியம்ஸ்பர்க் ஒதுக்கப்பட்டது. அங்கும் உணவுப் பங்கீட்டுப் பட்டியலே முதல் சான்று. அதனினும் பயன்மிக்கவை, 1789-ஆம் ஆண்டு ஆணைக்குப்பின் மன்னர் விசுவாசிகளின் பிள்ளைகள் 200 ஏக்கர் நிலம் கோரி அளித்த மனுக்கள் ஆகும். மணமான மகள் தன் தந்தை இன்னார், கணவர் இன்னார் என்று எழுதித்தர வேண்டியிருந்ததால், திருமணத்தோடு மறைந்துபோகும் பிறந்தகப் பெயர் அவற்றில் தங்கிவிட்டது.

1958 ஜூலை 1 அன்று, கப்பல்வழிக்கும் நீர்மின் திட்டத்திற்குமாக ஆறு பெருக்கப்பட்டபோது, இக்கரையின் பழைய ஊர்கள் பல மூழ்கின. பெயர்த்தெடுக்கப்பட்ட கல்லறைக் கற்கள் மாரிஸ்பர்க் அருகே நினைவிடச் சுவரில் பதிக்கப்பட்டுள்ளன. அங்கு கல்லில் பெயர் உண்டு, கல்லின்கீழ் அப்பெயருக்குரியவர் இல்லை. ஆகவே இக்குடும்பங்களைத் தேடுவோர் கல்லறையிலிருந்து அல்ல, படிக்கணக்கிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.