கூடாரம் செய்த தம்பதியர்

மறைத்தூதுப் பணி என்றதும் குருக்களும் கன்னியரும் நம் கண்முன் தோன்றுகின்றனர். கணவனும் மனைவியும் தோன்றுவதில்லை. ஆயினும் திருத்தூதர் பணிகள் நூல் அத்தகைய தம்பதியரை நமக்குக் காட்டுகிறது.

கி.பி. 49ஆம் ஆண்டளவில் பேரரசர் கிளவுதியு யூதர்களை உரோமையைவிட்டு வெளியேற்றினார். அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கொரிந்துக்கு வந்தனர். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். அதே தொழிலறிந்த பவுலடியாருக்குத் தம் இல்லத்தில் இடமளித்தனர். பின்னர் அவரோடு எபேசுக்குக் கடல் கடந்தனர். அங்கே நாவன்மை மிக்க அப்பொல்லோவைத் தனியே அழைத்து இறைநெறியைத் தெளிவாக விளக்கினர். எபேசிலும், மீண்டும் உரோமையிலும், அவர்கள் வீட்டிலேயே திருச்சபை கூடியது.

இவர்கள் பணியாளரா, பணியாளரைத் தாங்கியோரா? இருவகையினரும் இவர்களே. இசுபானியா செல்லும் வழியில் உரோமை மக்களைக் காண விரும்பிய பவுலடியார், பயண உதவியை மட்டும் நாடவில்லை. ஒருவர் நம்பிக்கையால் மற்றவர் ஊக்கம் பெறுவதையும் நாடினார். ஆதரவாளரைச் சந்திப்பது கையேந்துவதன்று, உறவைப் புதுப்பிப்பது.

மகள் மணமாகிச் சென்றபின் எங்கள் வீட்டில் ஓர் அறை வெறுமையாயிற்று. ஓய்வூதியத்தில் வாழும் எங்களுக்கு வாடகைப் பணம் சிறிதன்று. பல இரவுகள் பேசினோம். இறுதியில் அங்கே ஒரு கட்டிலும் மேசையும் இட்டோம். தொலைநாட்டுப் பணியிலிருந்து திரும்புவோர் தங்கட்டும். தம் மக்களின் கதைகளை எங்களுக்குச் சொல்லட்டும். மறைபரப்பு ஞாயிறன்று நாம் இடும் காணிக்கைக்கு அப்போது முகங்கள் கிடைக்கும்.